இருநூற்றுப் பதினாறு

தட்டில் வெதுவெதுப்பாய் நீர்.
நகக்கண் அளவு எண்ணொன்று அதில் ஊறுகிறது.
காகிதத்தை விட்டு அது நழுவும்வரை
கையைக் கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும்.
சாட்ஸ்வொர்த்தில் முப்பத்தொரு வருடம் தபால் போட்டவனுக்குக்
காத்திருப்பது பெரிய காரியமில்லை.
கையைக் கட்டுவதுதான் வரவில்லை.

மேசையில் ஒரு சாண் நீளத்துக்கு ஜெர்மன் டாங்கி.
சிறுத்தை என்று பெயர்.
முதலில் ரோமன் ஐந்து ஒன்றும் கூடவே இருந்தது;
நாற்பத்து நான்கு பிப்ரவரியில் மேலிடத்து உத்தரவு வந்தது,
ஐந்தை அடித்துவிடு, சிறுத்தை என்று மட்டும் சொல்.
இதன் மாதிரிகளில் முதலில் வந்தது டி.
அடுத்தது ஏ. கடைசியில் ஜி.
"இவனுங்களுக்கு அரிச்சுவடியே தெரியாதா"
என்கிறாள் லோகாம்பாள், பட்டாணி உரித்தபடி.
நூற்றெண்பது டன்னுக்கு மேல் ஒன்று செய்தார்களாம்,
அதற்கு வைத்த பெயர் சுண்டெலி.
இவை எல்லாவற்றுக்கும் முன்னால்,
டாங்கியே செய்யக்கூடாதென்று ஒப்பந்தம் இருந்த நாளில்,
காகிதத்தில் அது வெறும் விவசாய டிராக்டர்.

கோபுரத்தில் மூன்று இலக்கம்:
முதலாவது கம்பெனி, நடுவில் பிளட்டூன், கடைசி வண்டி.
கடைக்கார ஃபான் ரூயன் இதை ரகசியம்போலச் சொன்னான்.
எனக்கு அது விலாசமாகக் கேட்டது.
யூனிட் இரண்டு என்றால் ரோடெல்லாம் இரண்டில் தொடங்கும்.
எங்களுடையது ரோடு 224.
கேட்டோ மேனரிலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கியவர்கள்
பெயர் யோசிக்க நேரமில்லாமல்
எண் போட்டுவிட்டுப் போனார்கள்.
பின்னால் யூனிட்டுக்கு பேவியூ என்று பெயர் வந்தது.
கடல் மட்டும் என் சன்னலுக்கு
இன்னும் டெலிவரி ஆகவில்லை.

பூஜ்யம் ஒன்றில் முடிந்தால் அது தலைவன் வண்டி.
எதிரிப் பீரங்கிக்காரன் அதைத்தான் முதலில் தேடுவான்.
தெரிந்ததும் சில தலைவர்கள் எண்ணைச் சுரண்டினார்கள்.
சிலர் வேறு வண்டியின் எண்ணைப் பூசிக்கொண்டார்கள்.

எழுபத்தாறு, ஆகஸ்ட், மழை விட்ட காலை.
பழுப்பு ஃபோர்டில் இரண்டு பேர், டை கட்டியவர்கள்.
ராத்திரியில் தயாளன் வந்து தங்குகிற வீடு எது?
எனக்குத் தெரியும். அறுபத்தொன்று.
அவன் அம்மா கன்னியம்மா
உறையைப் பிரிக்கும் முன் முகர்ந்து பார்ப்பாள்.
பொய் சொல்லிப் பழகாத நாக்கு
தெரிந்த எண்ணையே புரட்டிப் போட்டது.
பதினாறு.

பதினாறில் ரங்கன் இருந்தார், பஸ் சீட்டுக்கு உறை தைப்பவர்.
நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தார்,
இடது காதை அவர்களிடமே விட்டுவிட்டு.
அவருக்கு வருவது கரண்ட் பில்,
மாரியம்மன் கோயில் அழைப்பிதழ், அவ்வளவுதான்.
பதினான்கு வருடம் அவற்றைப்
பெட்டியில் போடாமல் கையிலேயே கொடுத்தேன்.
ஒருநாள் அந்த இடது பக்கமாய் நின்று சொல்லியும் பார்த்தேன்.
அவர் கேட்கவில்லை.
இந்த ஒரு சொல்லுக்கு
இரண்டு அர்த்தம் வைத்தவனை எனக்குப் பிடிக்காது.

பெட்டியில் வந்த தாள் 2, 1, 4 என்கிறது.
இரண்டையும் ஒன்றையும் ஒட்டிவிட்டேன்.
தட்டில் ஊறுவது ஆறு.
ஃபான் ரூயன் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான்:
பிளட்டூனுக்கு ஐந்தே வண்டி,
216 என்றொரு சிறுத்தை எங்குமே ஓடியிருக்காது.
அதனால்தான்.

224இல் வீடுகள் எண்பத்தெட்டோடு முடிகின்றன.
எந்த வீட்டு நாய் எந்த எண்ணில் குரைக்கும் என்று
இருட்டிலும் சொல்லக்கூடிய தபால்காரன்
தொண்ணூற்றேழு என்று சொல்லியிருக்கலாம்.

எண் நழுவிவிட்டது.
நீரில் சுற்றிக்கொண்டிருக்கிறது,
இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஒன்பது.
லோகாம்பாளுக்குத் தட்டு வேண்டுமாம், பட்டாணி கழுவ.